மிஷினோடு ஒரு ஜோடி செருப்பு

போன மாதம் ஒரு காலை, கோச்சடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து நிவேதா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது என் யூனிட்டில் உதவி டாக்டராக இருந்தவள். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவு அவள் பொறுப்பில்.

“மேடம், நம்ம பழைய ஸ்கேன் மிஷினைக் கண்டம் பண்ணி பழைய இரும்புக்குப் போடப் போறாங்க. அந்தத் தள்ளுவண்டியில ஒரு லிஸ்ட் ஒட்டியிருக்கு, ‘மிஷினோடு இருக்க வேண்டியவை’ன்னு. ஜெல், துடைக்கிற துணி, நீள வயரு. அதெல்லாம் சரி. நாலாவதா ‘செருப்பு, ஒரு ஜோடி’ன்னு எழுதியிருக்கு. யாரோ கிண்டலுக்கு எழுதினதுன்னு நெனச்சோம். கீழ்த்தட்டைத் திறந்தா நெசமாவே ஒரு ஜோடி செருப்பு இருக்கு மேடம்!”

“அதைத் தூக்கிப் போட்டுராத. நான் வாரேன்” என்றேன்.

நிவேதாவின் கோட்டுப் பையில் இப்போது எப்போதும் ஒரு சின்ன ஸ்கேன் கருவி இருக்கிறது. செல்ஃபோனில் செருகி நோயாளியின் நெஞ்சில் வைத்தால் கட்டிலருகிலேயே படம் வந்துவிடும். அவளுடைய வயதுக்காரர்களுக்கு ஸ்கேன் என்பது ஸ்டெதஸ்கோப் மாதிரி, கழுத்தில் கிடக்காத குறைதான். அதனால் செருப்பின் கதையை ஃபோனில் சொன்னால் அவளுக்குப் பாதிதான் புரியும் என்று தோன்றியது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுதும்போது கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள நாலைந்து விஷயங்கள்தான் இருக்கின்றன, அதில் இது முதலாவது.

என் படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. கையில் நீலமும் சிவப்பும் ஏறிய மனிதர்கள் மத்தியில் வளர்ந்து, டாக்டருக்குப் படித்து, பொது மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்து, மதுரையிலேயே ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முப்பத்தைந்து வயதில் ஒரு வார்டுக்குப் பொறுப்பாளர் ஆனேன். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஏ.சி. இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று ஆபரேஷன் தியேட்டர். இன்னொன்று ஸ்கேன் அறை. ஸ்கேன் அறையில் ஏ.சி. மனிதர்களுக்காகப் போட்டதல்ல, மிஷினுக்காகப் போட்டது. கதவுக்கு வெளியே ‘காலணிகளை இங்கே விடவும்’ என்று ஒரு பலகை. நோயாளியோ நர்ஸோ டாக்டரோ, ஆஸ்பத்திரியை நடத்துகிற செயலாளரோ, யாராக இருந்தாலும் வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும்.

அந்த அறைக்கு எஜமானர் டாக்டர் ரத்தினவேல். ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் எதிரில் நிற்பவர் மெல்லக் கதவுப் பக்கம் நகர்வார். பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து, துவைத்து, மடித்து அடுக்கி வைத்திருப்பார். நோயாளியின் உடம்பில் வைக்கிற அந்தக் கைப்பிடி மாதிரியான பாகம் இருக்கிறதே, புரோப், அதை ஒவ்வொரு தடவையும் அவரே துடைப்பார். அட்டெண்டர் முத்திருளாண்டியைக்கூடத் தொட விடமாட்டார்.

சீட்டு விஷயத்தில் இன்னும் மோசம். நாங்கள் அவசரத்தில் ‘வயிறு ஸ்கேன்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் அதை வாங்க மாட்டார். பின்பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்புவார். ‘கேள்வி?’ என்று.

“டாக்டரம்மா, ஜாதகத்தைப் பிரிச்சு வச்சுட்டு என்ன தெரியுதுன்னு கேக்குற எடம் இல்ல இது. உங்களுக்கு என்ன தெரியணும்? அதை எழுதுங்க, பாத்துச் சொல்றேன்” என்பார்.

எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் கேள்வியை எழுத உட்கார்ந்தால், நோயாளியை நான் சரியாகத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது பல தடவை தெரிந்துவிடும். மறுபடி வார்டுக்கு ஓடுவேன்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்துக்கொண்டால் முதுகுப் பக்கம் ஊசி போட்டு அதை எடுக்க வேண்டும். எங்கே குத்துவது என்பதற்கு அன்று ஒரு நடைமுறை இருந்தது, ‘மார்க் போடுவது’ என்று சொல்வோம். நோயாளியை ஸ்கேன் அறைக்கு அனுப்புவோம். அங்கே தண்ணீர் அதிகமாக இருக்கும் இடத்தைப் பார்த்து, தோலில் மை பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்புவார்கள். வார்டுக்குத் திரும்பி வந்ததும் அந்தக் குறியில் நாங்கள் குத்துவோம். ஊரெல்லாம் அப்படித்தான் நடந்தது.

சாயப்பட்டறைக்காரர் ஒருவர், அறுபது வயது இருக்கும், வலப்பக்கத்தில் தண்ணீரோடு வந்து சேர்ந்தார். என்னிடம் எங்கள் வீட்டு மொழியிலேயே பேசினார். என் அப்பாவைத் தெரியும் என்றார். மகளே என்றுதான் கூப்பிட்டார். குறி போட்டுக்கொண்டு அவர் வார்டுக்குத் திரும்பியபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஸ்ட்ரெச்சர் கிடைக்கவில்லை. வந்தவருக்கு உட்காரக்கூடத் தெம்பில்லை. சரி, பாவம் என்று ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வேர்வையில் மை லேசாகக் கரைந்திருந்தாலும் குறி தெரிந்தது. அதன் நட்டநடுவில் ஊசியை இறக்கினேன்.

தண்ணீர் வரவில்லை. காற்று வந்தது. அவர் இருமினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் குத்தியது நுரையீரலை. எக்ஸ்ரே எடுத்தபோது அந்தப் பக்கம் நுரையீரல் சுருங்கிப்போயிருந்தது. விலா இடுக்கில் குழாய் போட்டுப் பதினோரு நாள் கிடந்தார். பிழைத்துவிட்டார், அது என் அதிர்ஷ்டம். வீட்டுக்குப் போகும்போதும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே ஸ்கேன் அறைக்குப் போய், “உங்க மார்க் தப்பு சார்” என்றேன். ரத்தினவேல் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க குத்தும்போது அவரு எப்படி இருந்தாரு?”

“ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு.”

“நான் அவரை ஸ்டூல்ல உக்கார வச்சு, ரெண்டு கையையும் மேஜை மேல தூக்கி வச்சுப் பாத்தேன். கையை எறக்கினா தோலு நகரும். படுத்தா தண்ணி நகரும். நான் மார்க் போட்டது நான் உக்கார வச்ச ஆளுக்கு. நீங்க குத்துனது வேற ஆளை, டாக்டரம்மா.”

எனக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? “அப்ப மிஷின்தான் ஆள்கிட்ட வரணும் சார். ஆள் மிஷின்கிட்டப் போறதுனாலதான் இம்புட்டு வினையும்” என்றேன்.

“தாகம் எடுத்தவன்தான் கிணத்தைத் தேடிப் போகணும்.”

“தாகத்துல மயங்கி விழுந்தவனுக்குச் செம்புல மொண்டுபோய்க் குடுக்க மாட்டமா சார்?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நானும் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்து தினமும் அந்தச் சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு அவர் பின்னால் போய் நிற்க ஆரம்பித்தேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் புரோபை என் பக்கம் நீட்டினார். ஏழு மாதத்தில் தண்ணீர் எது, ஈரல் எது, இதயம் எது என்று கண்ணுக்குப் பிடிபட்டது. புரோபின் ஒரு ஓரத்தில் விரலால் தட்டி, திரையில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக்கொண்டுதான் நோயாளியின் உடம்பில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் வலமாகிவிடும். இன்றைக்கும் என் விரல் தானாகத் தட்டும்.

ஆனால் மிஷின் மட்டும் அறையை விட்டு நகரவில்லை. வார்டில் தூசி, சூடு, கரண்டு ஏறி இறங்கும் என்று காரணம் சொன்னார். நான் விடாமல் கேட்ட ஒரு நாள் உண்மையான காரணத்தைச் சொன்னார். “அங்க பத்துப் பேரு சுத்தி நிப்பாங்க, சன்னல் வெளிச்சம் திரையில அடிக்கும், நீங்க அவசரத்துல இருப்பீங்க. அப்படிப் பாத்தா, பாக்க நெனச்சதுதான் தெரியும். இருக்கிறது தெரியாது.” இதில் நியாயம் இருந்தது. கட்டிலருகே ஸ்கேன் பார்க்கிறவர்களுக்கு இன்றைக்கும் நான் சொல்கிற எச்சரிக்கை இதுதான். அப்போது மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படி இழுபறியாக இருந்த சமயத்தில்தான் மும்தாஜ் வந்தாள்.

அக்னி நட்சத்திரம். அந்த வருஷ வெயில் மண்டையைப் பிளந்தது. தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் செருப்புக் கடை வைத்திருந்த காதர் பாய், தன் மனைவியை ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார். முப்பத்திரண்டு வயது. இரண்டு வாரமாக மூச்சுத் திணறல். படுக்க முடியாமல் இரண்டு தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். எக்ஸ்ரேயில் இதயம் பானை மாதிரி பெருத்திருந்தது. எங்களுக்கெல்லாம் மேலே இருந்த பெரிய டாக்டர் காலை ரவுண்ட்ஸில், இதயம் பலவீனமாகி வீங்கிவிட்டது, உடம்பிலிருந்து நீரைப் பிரித்து எடுக்க ஊசி போடுங்கள் என்று எழுதிவிட்டு வெளியூர் கிளம்பிப் போனார்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவளுடைய ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. சிஸ்டர் பாக்கியம் ஊசியை ஏற்றித் தட்டில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

“மேடம், ரெண்டாவது டோஸ் போட்டுரவா?”

நான் மும்தாஜின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். அவள் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் நாடி தேய்ந்து காணாமல் போயிற்று. வெளியே விடும்போது திரும்பி வந்தது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பில் இதயத்துடிப்பு பக்கத்து வீட்டில் கேட்பது போல இருந்தது. இதயம் பெருத்திருக்கவில்லை, இதயத்தைச் சுற்றியிருக்கிற பையில் தண்ணீர் கோத்து அதை நெரிக்கிறது என்று என் கை சொன்னது. அப்படியானால் அந்த ஊசி மருந்தல்ல. ஏற்கெனவே இதயத்துக்குள் போகிற ரத்தம் குறைவு. நீரைப் பிரித்தால் அதுவும் நின்றுவிடும். ஆனால் என் கை சொன்னது தப்பாக இருந்தால்? நெஞ்சில் ஊசி இறக்கி, அங்கே தண்ணீர் இல்லாமல் வெறும் இதயம் மட்டும் இருந்தால்? சாயப்பட்டறைக்காரரின் இருமல் காதில் கேட்டது.

“போடாதீங்க சிஸ்டர். ஸ்கேனுக்குக் கொண்டுபோவோம்.”

ஸ்ட்ரெச்சர் வந்தது. அவளைச் சாய்த்தோம். பாதி சாய்வதற்குள் உதடு நீலமாகி, கண் செருகி, நாடி அற்றுவிட்டது. அடித்துப் பிடித்து உட்கார வைத்ததும் லேசாகத் திரும்பியது. ஸ்கேன் அறை முற்றத்துக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில் இருந்தது. நாங்கள் மாடியில். சரிவுப் பாதையில் இறக்கி அங்கே கொண்டுபோனால் போய்ச் சேர்வது பிணம்தான் என்று தெரிந்துவிட்டது.

காதர் பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “டாக்டரம்மா, என்னன்னு சொல்லுங்க. எதுன்னாலும் சொல்லுங்க.”

“இருங்க பாய், இப்ப வாரேன்” என்று ஓடினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் நுழைந்தேன். ரத்தினவேல் சார் முதலில் பார்த்தது என் காலை. செருப்போடு அவருடைய அறைக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய கை கண்ணாடிக்குப் போயிற்று. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார்.

“கேள்வி என்ன?”

“இதயம் பெருசா, இல்ல இதயத்தைச் சுத்தித் தண்ணியா? சாய்ச்சா நாடி போகுது சார். கொண்டுவர முடியாது.”

அவர் எழுந்தார். மிஷினை அணைத்தார். சுவரிலிருந்து பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினார். “முத்திருளாண்டி, கதவு ரெண்டையும் திற” என்றார்.

முத்திருளாண்டி வாயைப் பிளந்து நின்றதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். “சார், வெளியவா? அம்புட்டுக் கனம் சார்!”

“கனம்னா ரெண்டு பேரைச் சேத்துக்க.”

அந்தக் கால மிஷின் பீரோவுக்குத் தம்பி. சக்கரம் இருந்ததே தவிர, அறைக்குள் அரையடி நகர்த்தத்தான் அது. வாசல் படியில் தூக்கினோம். முற்றத்துச் சிமெண்டுத் தரையில் இழுத்தோம். சரிவில் நாலு பேர் முன்னாலும் பின்னாலும் பிடித்து ஏற்றினோம். ‘ஏய், இடது பக்கம் தாழுது, பாத்து அண்ணே!’ என்று ஒரே சத்தம். சப்பரம் தூக்குகிற கூட்டம் மாதிரி இருந்தது. ரத்தினவேல் சார் ஒரு கையால் மிஷினைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புரோப் ஆடி அடிபடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

வார்டுக்கு வந்து சேர்ந்தால் அடுத்த சோதனை. மிஷினோடு சேர்த்துக் கட்டியிருந்த ஸ்டெபிலைசரின் பிளக் தடித்த மூன்று முனைப் பிளக். கட்டிலுக்குப் பின்னால் இருந்தவை எல்லாம் ஃபேனுக்கும் விளக்குக்குமான சின்னத் துளைகள். மிஷினை நோயாளியிடம் கொண்டுபோக வேண்டும் என்று ஏழு மாதமாகச் சண்டை போட்ட நான், அதை எதில் செருகுவது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

சிஸ்டர் பாக்கியம்தான் கத்தினார். “ஊசி கொதிக்க வைக்கிற எடத்துல பெரிய பிளக் இருக்கு மேடம்!”

அது வார்டின் கோடியில். நீள வயர் கிடையாது. கட்டிலை உருட்டினோம். ஒரு சக்கரம் துருப்பிடித்து நகர மறுத்தது. காதர் பாய் அந்த மூலையைத் தோளில் தாங்கித் தூக்கினார். மும்தாஜை உட்கார்ந்த நிலையிலேயே அந்த மூலைக்குக் கொண்டுபோனோம். கொதிகலனைப் பிடுங்கி மிஷினைச் செருகினோம். சிஸ்டர் சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டார்.

ரத்தினவேல் சார் புரோபின் ஓரத்தில் விரலால் தட்டினார். திரையில் அசைந்தது. நெஞ்செலும்புக்குக் கீழே வைத்தார்.

கறுப்பாக ஒரு பட்டை. அதற்கு நடுவே, வாளித் தண்ணீரில் மிதக்கிற எலுமிச்சம்பழம் மாதிரி இதயம் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் வலப்பக்கச் சுவர் உள்ளே அமுங்கியது.

“தண்ணி” என்றார். “எடுங்க.”

நான் காதர் பாயிடம் இரண்டே வரியில் சொன்னேன். இதயத்தைத் தண்ணீர் நெரிக்கிறது, ஊசி போட்டு எடுக்க வேண்டும், ஆபத்து உண்டு, எடுக்காவிட்டால் அதைவிட ஆபத்து.

“உங்க கையில ஒப்படைச்சுட்டேன் டாக்டரம்மா. செய்யுங்க. நான் துவா செஞ்சுக்கிட்டு இங்கேயே நிக்கிறேன்.”

கையுறை போட்டேன், மருந்து தடவினேன், மரத்துப்போக ஊசி போட்டேன். நீள ஊசியை எடுத்தேன். பழக்க தோஷத்தில், “மார்க் போடலையா சார்?” என்று கேட்டேன்.

“எதுக்கு? அந்தம்மாவும் இங்கதான் இருக்காங்க. நானும் இங்கதான் இருக்கேன்.”

எத்தனையோ பேர் எனக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு பதிலுக்கு ஈடாக எதுவும் இல்லை. அவர் புரோபை அசையாமல் பிடித்துக்கொள்ள, திரையைப் பார்த்துக்கொண்டே நெஞ்செலும்புக்குக் கீழிருந்து இடது தோளை நோக்கி ஊசியைச் செலுத்தினேன். லேசான ஒரு தடை, பிறகு விட்டுக்கொடுத்தது. சிரிஞ்சை இழுத்தேன்.

சிவப்பாக வந்தது.

எங்கள் பக்கம் இதயப் பையில் தண்ணீர் கோப்பது பெரும்பாலும் காசநோயால்தான், அதில் அந்தத் தண்ணீர் ரத்த நிறத்திலும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதயத்தையே குத்திவிட்டாலும் வருவது அதே சிவப்புதானே? பின்னால் இழுப்பதா, நிறுத்துவதா?

“அசையாதீங்க” என்றார் ரத்தினவேல் சார், ஸ்கேன் அறையில் பேசுகிற அதே குரலில். “கொஞ்சம் சலைனைக் குலுக்கி ஊசி வழியா விடுங்க. நுரை எங்க போகுதுன்னு பாப்போம்.”

சிஸ்டர் இன்னொரு சிரிஞ்சில் சலைனை நுரைக்க நுரைக்கக் குலுக்கிக் கொடுத்தார். மெல்ல விட்டேன். திரையில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தது. இதயத்துக்குள்ளே அல்ல. வெளியே, அந்தக் கறுப்புப் பட்டையில்.

“நீங்க சரியான எடத்துல இருக்கீங்க. இழுங்க.”

இழுத்தேன். சிரிஞ்ச் மாற்றி மாற்றி இழுத்தேன். மூன்றாவது சிரிஞ்சில் நாடி கையில் தட்டுப்பட்டது. ஐந்தாவதில் சிஸ்டர் ரத்த அழுத்தத்தைச் சத்தமாகச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர் பெயரை வாசிப்பது போல. முக்கால் லிட்டர் எடுத்து முடித்தபோது மும்தாஜின் உதடு சிவந்திருந்தது. அவள் கண்ணைத் திறந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். புருஷனைக் கண்டதும் முதல் வார்த்தையாகக் கேட்டாள்.

“கடையப் பூட்டிட்டு வந்தீங்களா?”

“இல்ல புள்ள, அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுக் காதர் பாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

எல்லாம் அடங்கிய பிறகுதான் ரத்தினவேல் சார் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, காலைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்திருந்தன. ஸ்கேன் அறையிலிருந்து வெறுங்காலோடு கிளம்பியவர், வாசலில் இருந்த தன் செருப்பை மாட்டிக்கொள்ள நிற்கவில்லை. அக்னி நட்சத்திர வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு, அந்தச் சிமெண்டு முற்றத்தை அப்படியே கடந்து வந்திருக்கிறார். எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான் வெள்ளைக் களிம்பைத் தடவினேன். அவர் தடவ விட்டுவிட்டு, “டாக்டரம்மா, சீட்டு இன்னும் வரல. கேள்வியோட எழுதி அனுப்புங்க” என்றார்.

அதற்குப் பிறகு சண்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பதினைந்து நாளில் வார்டில் பத்துக் கட்டிலுக்கு ஒரு பெரிய பிளக் வந்தது. தினமும் பன்னிரண்டு மணிக்கு மிஷின் ரவுண்ட்ஸ் கிளம்பும். முதல் வாரம் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். மார்க் போட்டு அனுப்புவது எங்கள் ஆஸ்பத்திரியில் நின்றுபோனது, குத்தும் இடத்தில் குத்தும் நேரத்தில் பார்த்தோம். நான் வேலையில் இருந்தவரை, என் வார்டில் குறியை நம்பி யாரும் ஊசி போட்டதில்லை. பிறகு, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் இறுகியபோது, மிஷினை அறையை விட்டு எடுக்கவே கூடாது என்று நிர்வாகத்தில் பயந்தார்கள். மிஷின் எந்தெந்த வார்டுக்கு எதற்காகப் போகிறது என்று எழுதி, முறைப்படி அனுமதி வாங்கிவந்தவர் வேறு யாருமல்ல, தாகம் எடுத்தவன்தான் கிணற்றைத் தேடிப் போக வேண்டும் என்று சொன்ன அதே ரத்தினவேல் சார்தான்.

செருப்புக்கு வருகிறேன். மும்தாஜ் காசநோய் மாத்திரைகளோடு வீட்டுக்குப் போன அன்று, காதர் பாய் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு ஸ்கேன் அறை வாசலில் நின்றார். ரத்தினவேல் சார் நோயாளிகளிடம் ஒரு வாழைப்பழம்கூட வாங்க மாட்டார் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

“சார், இது உங்களுக்கு இல்ல” என்றார் பாய். “அன்னைக்கு எல்லாரும் மிஷினைப் பாத்தாங்க. நான் உங்க காலைப் பாத்தேன், தொழில் புத்தி. அளவு கண்ணாலயே எடுத்துட்டேன். இது மிஷினோடயே இருக்கட்டும். வார்டுக்குப் போறப்ப மட்டும் போட்டுக்குங்க, வீட்டுக்குக் கொண்டுபோக வேணாம்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று அது கோபம் இல்லை. காலை நுழைத்துப் பார்த்தார், கச்சிதமாக இருந்தது. மறுநாள் தள்ளுவண்டியில் அவர் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. மிஷின் மாறியபோது பட்டியலும் மாறி ஒட்டப்பட்டது, செருப்பும் கூடவே போயிற்று. ஓய்வு பெறும் நாளில் அதைத் துடைத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுத் தன் சொந்தச் செருப்போடு வீட்டுக்குப் போனார். சில வருஷங்களுக்கு முன்பு காலமானார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஜோடியை வாங்கிக்கொண்டேன். இடது கால் வார் தையல் விட்டிருந்தது. ஆட்டோ பிடித்துத் தெற்கு மாசி வீதிக்குப் போனேன். சந்து அப்படியே இருந்தது, கடைதான் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. கல்லாவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்து, உள்ளே யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். “ஏங்க, எட்டாம் நம்பரை எங்க வச்சீங்கன்னு எம்புட்டு நேரமாக் கேக்குறேன்!” நல்ல, முழு மூச்சில் போட்ட சத்தம். நான் வாசலில் நின்று அதைக் கொஞ்ச நேரம் கேட்டேன். எந்தப் பாராட்டு விழாவிலும் எனக்கு அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

செருப்பை மேஜை மேல் வைத்தேன். அவள் அதைத் திருப்பி அடித்தோலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்துவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டரம்மா! அந்த சார்?”

சொன்னேன். அவள் வாய்க்குள் ஏதோ ஓதினாள்.

“இப்ப மிஷினை யாரு எடுத்துட்டுப் போறா?”

“நிவேதான்னு ஒரு பொண்ணு. மிஷின் இப்ப சட்டைப் பையில அடங்கிருச்சும்மா. இழுக்க வேண்டியதே இல்ல.”

“மிஷினு சிறுசாயிருக்கும். வார்டு சிறுசாயிருச்சா? நடக்கணும்ல?” என்றாள். “அந்தப் புள்ள கால் அளவு என்ன?”

நிவேதாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “ஆறு மேடம். எதுக்கு மேடம்?” என்றாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மும்தாஜ் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“ஏம்மா, ஆறுன்னா போதுமா? குதிகால் அகலமா, ஒடுக்கமா? அதையும் சொல்லு” என்றாள்.